மருந்து கீழே இருந்தது

உங்களில் ஆறு பேர் திங்கட்கிழமை முதல் ஃபோர்மேன் பொறுப்பு ஏற்கிறீர்கள் என்று மேனேஜர் சொன்னார். வந்து நாலு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்பது துணிச்சலான காரியம். அவனுக்கு நாலில் நிறுத்தத் தெரியாது. ஆனாலும் வந்துவிட்டேன்.

வெடிமருந்துக் கலவை அளவு, ஒரு ஷெட்டில் எத்தனை பேர் இருக்கலாம், எந்த நேரத்தில் கலக்கக் கூடாது, இதெல்லாம் சுவரில் எழுதியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது சுவரில் இல்லாதது.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள். எத்தனை வெடி விபத்து பார்த்திருக்கிறீர்கள்? பார்த்திருக்கிறேன். ஆனால் என்னுடைய தப்பால் ஒரு மனிதர் செத்தது சிவகாசியில் இல்லை, திருத்தங்கலில் இல்லை. இமயமலையில், பதினாறாயிரம் அடி உயரத்தில், பனிக்கட்டியின் ஓரத்தில். அங்கே எதுவும் வெடிக்கவில்லை.

நான் வேலை பழகியது மூன்று விரல் ஃபோர்மேன் ஒருவரிடம். வலது கையில் மிச்சம் இருந்தது மூன்று. மற்ற இரண்டும் எப்படிப் போயின என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவர் சொல்லிக்கொண்டே இருந்தது ஒன்றுதான்.

"வெடிச்ச வெடி கும்பிடு போட்டுட்டுப் போயிரும்லே. வெடிக்காததுதான் உக்காந்து யோசிக்கும். அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நீ கிட்டப் போகாத."

வெடிக்காத வெடிக்கு அரை மணி நேரம். அதற்குப் பிறகு தூரத்திலிருந்து தண்ணீர். அதற்குப் பிறகுதான் கை. இதை எனக்கு ஐம்பதுகளின் நடுவில் சொன்னார். பத்து வருடம் தவறாமல் கடைப்பிடித்தேன். பிறகு ஒரே ஒரு நாள், ஒரு துண்டுக் காகிதத்தில் அதை மீறினேன்.

சீனச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் கம்பெனி வாசலில் ஒரு ராணுவக்காரர் வந்து நின்றார். ஆறடி உயரம். சட்டையைத் தாண்டித் தோள் தெரிந்தது. ஏழாயிரம்பண்ணைக்காரர். பெயர் மாடசாமி. அப்பா மற்றவர் காட்டில் கூலிக்கு உழுதவர். மகன் ராணுவத்தில் பாலம் கட்டும் படையில் சேர்ந்து ஹவில்தார் ஆகியிருந்தார். மனைவி தீப்பெட்டி ஆபீசில் வேலை. லீவுக்கு வந்தவரை அவருடைய மேஜர் ஒரு காரியத்துக்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்.

அந்த மேஜர் ராணுவ வீரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, அதுவரை யாரும் ஏறாத ஒரு சிகரத்தில் ஏறப் போகிறார். உச்சிக்குப் போகிறவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் சைகை காட்ட வேண்டும். அதற்குப் பகலில் தெரிகிற மாதிரி புகை ராக்கெட் வேண்டும். சிவப்புப் புகை என்றால் உடனே திரும்பு. மேகம் கூடுவது கீழே இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியுமாம். மேலே இருப்பவன் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பானாம்.

செய்து பார்த்தோம். திரியைக் கொளுத்தி எட்டு எண்ணினால் கிளம்பியது. இருபது தடவை பார்த்தேன். இருபதும் எட்டு. வைகாசி வெயிலில், கந்தகபூமியில், எட்டு.

"அப்ப கிளம்பலைன்னா?" என்று கேட்டார் மாடசாமி.

"அரை மணி நேரம் காத்திருக்கணும்."

அவர் சிரித்தார். "அண்ணாச்சி, அங்கன அரை மணி நேரம் சும்மா நின்னா காலு வெரலு கருகிப் போயிரும். மேகம் வந்துக்கிட்டு இருக்கும். மேஜர் ஒரே வரியில கேக்காரு. எம்புட்டு நேரம் நிக்கணும்?"

நான் யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை. எதிரே நின்றவர் வாட்டசாட்டமான ராணுவக்காரர். அவர் முன்னால் தயங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சீட்டு அச்சடிக்கச் சொன்னேன். "எட்டு எண்ணவும். கிளம்பாவிட்டால் அது செத்தது. எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததைக் கொளுத்தவும்." திருத்தங்கல் அச்சாபீஸ்காரர் ஒரு கலர் போதும் என்று நான் சொல்லியும் கேட்காமல் மூன்று கலரில், ஓரத்தில் பூ போட்டு, இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்துத் தந்தார். பார்க்க அழகாக இருந்தது.

கொளுத்திக் காட்டிப் பழக்க ஒரு ஆள் கூட வர வேண்டும் என்று மேஜர் எழுதியிருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். பனிக்கட்டியை நான் அதுவரை விருதுநகர் சர்பத் கடையில், மரத்தூளுக்குள்தான் பார்த்திருந்தேன். போகிறேன் என்றேன்.

ரயிலில் நாலு நாள், பஸ்ஸில் இரண்டு நாள், பிறகு நடை. நான் மெதுவாக நடந்தேன். வேறு வழியில் நடக்க எனக்குத் தெரியாது. மாடசாமி என்னோடுதான் ஊரிலிருந்து கிளம்பினார். ஆனால் நாங்கள் உட்கார்ந்து இளைப்பாறிய இடத்தில் எல்லாம் அவர் சுமையோடு முன்னால் போய், இறக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து இன்னொரு சுமை தூக்கினார். எல்லோரும் அவரை மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

அடிவார முகாம் பதினையாயிரம் அடியில் இருந்தது. அங்கே போனதும் தலைக்குள் யாரோ உலக்கை போட ஆரம்பித்தார்கள். சோறு வேகவில்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. குழுவின் டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். "மெதுவா நடங்க, நிறையத் தண்ணி குடிங்க, உடம்புக்கு எது செஞ்சாலும் எங்கிட்டச் சொல்லிடுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கால் விரல் மரத்துப்போன ஒருவரைப் பார்க்க மேல் முகாமுக்குப் போயிருந்தார். அது ஐந்து மணி நேர ஏற்றம். எங்கள் ராக்கெட்டுகளும் முதல் சுமையோடு அங்கே போய்விட்டன, பூப்போட்ட சீட்டுகளோடு. கொளுத்திக் காட்டுவதற்கென்று என்னிடம் ஆறு மட்டும் இருந்தன.

மறுநாள் காலை ஒன்றை நட்டுக் கொளுத்தினேன். மேஜர், மாடசாமி, சமையல்காரர்கள் எல்லோரும் தள்ளி நின்று எண்ணினார்கள். ஆறு, ஏழு, எட்டு. கிளம்பவில்லை. ஒன்பது.

மேஜர் சீட்டைப் படித்தவர். ராணுவக்காரர். எழுதியிருந்தபடி, செத்த ராக்கெட்டை எடுத்து எறிய நடந்தார். குனியப் போகும்போது நான் பின்னாலிருந்து அவர் பெல்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழுந்தோம். பதிமூன்றாவது எண்ணிக்கையில் ராக்கெட் அவர் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே போய் அழகாகச் சிவப்புப் புகை விட்டது.

காற்று குறைந்த இடத்தில் திரியும் மெதுவாகத்தான் எரியும், மனிதன் நடப்பதைப் போல. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இன்னும் இரண்டு கொளுத்திப் பார்த்தேன். ஒன்று பன்னிரண்டு, ஒன்று பதினான்கு.

மேஜர் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். மாடசாமி மொழிபெயர்த்தார். "மேல எத்தன இருக்குன்னு கேக்காரு."

"இருபத்து நாலு."

ஒயர்லெஸ் பெட்டி முதல் நாளே பேசுவதை நிறுத்தியிருந்தது. மறுநாள் காலை மேல் முகாமிலிருந்து உச்சிக்கு ஆட்கள் கிளம்புவார்கள். அதற்குள் செய்தி போக வேண்டும். மேஜர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். இருபது எண்ணும் வரை கிட்டப் போகாதே என்று ஒரு வரி எழுதி ஒரு ஷெர்பாவிடம் கொடுத்தால் போதும் என்றார்.

போதும்தான். இன்றைக்கு யோசித்தாலும் போதும்தான்.

நான் சம்மதிக்கவில்லை. நானே போய் எல்லாத் திரியையும் வெட்டிச் சரியாக எட்டு எண்ணிக்கைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். என் தப்பை நானே திருத்துவதாக நினைப்பு. உண்மையில், என் சீட்டு பொய் என்று இன்னொருவர் எழுதிய சீட்டு மேலே போவது எனக்குப் பொறுக்கவில்லை. மேஜர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி என்றார். அவர் உயிரைக் காப்பாற்றியவன் கேட்டால் மறுப்பது அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும்.

தமிழ் தெரிந்த துணை வேண்டும். மாடசாமி தானாகவே முன்வந்தார். வழி காட்ட ஒரு வயதான ஷெர்பா. அவர் பெயரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. பெரியவர் என்று கூப்பிட்டேன். அவருக்கு அது புரியவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தார்.

கிளம்புவதற்குமுன் கூடாரத்தில் மாடசாமி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். குனிந்தபோது இருமினார். நிமிர்ந்த பிறகும் இருமினார்.

"என்னப்பா இருமல்?"

"தூசி, அண்ணாச்சி."

"பனியில ஏது தூசி?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "முந்தாநாள்லேர்ந்து இருக்கு. டாக்டர்ட்டச் சொல்லிராதீக. கீழ எறக்கி விட்ருவாரு. இம்புட்டுத் தூரம் வந்துட்டு மேல் முகாமக் கண்ணால பாக்காமப் போனா ஊர்ல என்னத்தச் சொல்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. ஷெட்டுக்கு வேலைக்கு வருகிற ஒருவர் முகம் இப்படி இருந்திருந்தால் நான் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் துணை தேவைப்பட்டது.

"பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் அவசரம், ஆள் குறைவு, சீசன் நேரம், ஒருவர் வந்து ஒன்றுமில்லை என்று சொல்கிறார். ஒன்றுமில்லை என்பது நமக்கு வேண்டிய பதிலாக இருக்கிறது. வேண்டிய பதில் கிடைத்தால் யாரும் இன்னொரு தடவை கேட்பதில்லை.

முதல் இரண்டு மணி நேரம் அவர்தான் எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். பனியாறு ஒன்று. மேலே வெள்ளை, நடுவில் வெடிப்புகள். வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் நீலமாக இருக்கும், அடி தெரியாது. மூன்று பேரையும் ஒரே கயிற்றால் கட்டியிருந்தார் பெரியவர். மூன்றாவது மணி நேரத்தில் கயிறு பின்னால் இழுக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் மாடசாமி நின்றுகொண்டிருந்தார். பத்து அடி நடப்பார், நிற்பார். பிறகு ஐந்து அடி. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிக்கேன், அண்ணாச்சி. ஒரு நிமிசம்."

இருமி, கையுறையால் வாயைத் துடைத்தார். கையுறையில் நுரை. நுரையில் லேசான ரோஸ் நிறம். உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. பெரியவர் வந்து அவர் முதுகில் காதை வைத்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். ஈரத் திரி எரிந்தால் ஒரு படபடப்புச் சத்தம் வருமே, அது அவர் நெஞ்சுக்குள் கேட்டது.

பெரியவர் கையைக் கீழே காட்டினார். "நீச்சே" என்றார். இந்தியில் கீழே என்று அர்த்தம். அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்.

நான் கணக்குப் போட்டேன். கீழே போக இரண்டு மணி நேரம். அங்கே கூடாரமும் சமையல்காரர்களும் இருக்கிறார்கள், டாக்டர் இல்லை. மேலே ஒரு மணி நேரம்தான். டாக்டர் அங்கே. ஆபத்தில் இருப்பவனை டாக்டரிடம் கொண்டுபோவதா, டாக்டரை விட்டு விலக்கிக்கொண்டு போவதா? சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்.

"நீச்சே" என்றார் பெரியவர் மறுபடியும், இந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு.

"டாக்டர் மேலே" என்றேன். மாடசாமியும், "மேல போயிருவோம், அண்ணாச்சி. டாக்டர் ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்றார். அவருக்கு மேல் முகாமைப் பார்க்கும் ஆசை அப்போதும் போகவில்லை.

பெரியவர் மலையிலேயே பிறந்தவர். எத்தனை பேர் இப்படி உட்கார்ந்ததைப் பார்த்திருப்பாரோ. ஆனால் அவர் சுமைகூலிக்கு வந்தவர், நான் மேஜர் அனுப்பிய ஆள். என் கையை விட்டுவிட்டார். மாடசாமியைத் தூக்கி நிறுத்தி ஒரு பக்கம் தாங்கினார். நான் மறு பக்கம்.

ஒரு மணி நேர வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசிப் பகுதியில் மேல் முகாமிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து தூக்கினார்கள். டாக்டர் கூடாரத்துக்கு வெளியே ஓடிவந்தார். நெஞ்சில் குழாயை வைத்தார். பத்து நொடிகூட வைத்திருக்க மாட்டார்.

"எப்போதிலிருந்து இருமல்?"

மாடசாமி பேசும் நிலையில் இல்லை. நான் சொன்னேன். "முந்தாநாள்லேர்ந்து."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"காலையில."

அவர் கோபப்படவில்லை. ஆட்களைப் பார்த்துக் கூடாரத் துணியில் தூளி கட்டச் சொன்னார். கட்டும்போதே என்னிடம் பேசினார். "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. நிமோனியான்னு நினைச்சு ரொம்ப நாளா ஏமாந்துட்டு இருந்தோம். இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு. அவசரமா ஏறினா பலசாலிக்குத்தான் முதல்ல வரும். எங்கிட்டக் கொண்டு வந்தீங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. மருந்து கீழே இருக்கு. கீழே இருக்கிற காத்துதான் மருந்து."

ஊசி ஒன்று போட்டார். போடாமல் இருக்க முடியாததால் போட்டார் என்று நினைக்கிறேன். ஆறு பேர் தூளியைத் தூக்கினார்கள். டாக்டரும் கூட இறங்கினார். நானும் இறங்கினேன். பெரியவர் முன்னால் போய்ப் பனியில் கால் வைக்கும் இடம் வெட்டிக்கொடுத்தார். மாடசாமிக்கு ஒரு தடவை நினைவு வந்தது. "எறங்குறோமா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "ரெண்டு நாள்ல திரும்ப ஏறிரலாம்" என்றார்.

பனிக்கட்டி முடிந்து கல் தரை தொடங்கும் இடத்தில் அவர் இறந்துபோனார். சாயங்காலம் நாலு மணி இருக்கும். அங்கிருந்து அடிவார முகாம் தெரிந்தது. சமையல் கூடாரத்தில் புகை வந்துகொண்டிருந்தது.

பெரியவர் சொன்ன நேரத்தில் திரும்பியிருந்தால், மதியம் ஒரு மணிக்கு முன்னாலேயே அந்தக் கல் தரையைத் தாண்டியிருப்போம்.

ராக்கெட் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேல் முகாமில் முதல் நாளே ஒன்றைக் கொளுத்திப் பார்த்திருந்தார்கள். எட்டு எண்ணியும் கிளம்பவில்லை. எடுக்கப் போன வீரர் பனியில் சறுக்கி விழுந்தார். விழுந்தவர் தலைக்கு மேலே அது பறந்தது. சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அவர்களாகவே சீட்டில் எட்டை அடித்து இருபது என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். நான் ஒரு திரியையும் வெட்டவில்லை. என் பயணத்துக்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து உச்சிக்கு இருநூறு அடி கீழே மூன்று பேர் இருந்தபோது மேற்கே மேகம் கூடியது. அதற்குள் மேல் முகாமுக்கு வந்திருந்த மேஜர் சிவப்புப் புகை விடச் சொன்னார். மூன்று பேரும் திரும்பினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்தில் புயல் பிடித்தது, இரண்டு நாள் அடித்தது. இருநூறு அடிக்காக ஏன் திரும்பச் சொன்னார் என்று அந்த மூவரும் மேஜரிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மூன்று பேரும் சாப்பாட்டுக்கு வருகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

மாடசாமியைப் பனிக்கட்டி ஓரத்தில் கல் அடுக்கிப் புதைத்தோம். எரிக்க அங்கே விறகு இல்லை. கிளம்பும் நாளில் மேஜர் என்னைத் தனியாக அழைத்தார். டாக்டர் மொழிபெயர்த்தார். "வீட்டுக்குத் தந்தி போயிருக்கு. மலையில விபத்துன்னு. நீங்க போய்ப் பார்த்தா, சட்டுனு நடந்துடுச்சு, கஷ்டப்படலைன்னு சொல்லுங்க. அவங்களுக்கு அது ஆறுதலா இருக்கும்." நல்ல மனதோடுதான் சொன்னார். சரி என்றேன்.

ஊர் வந்து நாலு நாள் வீட்டிலேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் சாத்தூர் போய், அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். மாடசாமி வீட்டு முற்றத்தில் அவர் மனைவி வெள்ளத்தாயும் வெள்ளத்தாயின் தம்பியும் இருந்தார்கள். நான் யார் என்று சொல்வதற்குமுன் வெள்ளத்தாயே கேட்டார்.

"நீங்கதான் அந்த ஃபோர்மேன் அண்ணாச்சியா? உங்களப் பத்தி எழுதியிருந்தாக. உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

உட்கார்ந்தேன். மாடசாமியின் கடிகாரத்தையும் கம்பளித் தொப்பியையும் கொடுத்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். மலையில் விபத்து. சட்டென்று நடந்துவிட்டது. கஷ்டப்படவில்லை.

"வழுக்கி விழுந்தாகளா?"

"இல்லை."

"மேல எதும் விழுந்துச்சா?"

"இல்லை."

"அப்ப என்ன விபத்து?"

விபத்துகளைப் பற்றி விசாரணைக்கு வந்த எத்தனையோ அதிகாரிகளிடம் பதில் சொல்லியிருக்கிறேன். யாரும் மூன்றாவது கேள்வி கேட்டதில்லை. வெள்ளத்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். இருமல், தூசி, நான் சொன்ன ஒரு வார்த்தை, பெரியவர் பிடித்த கை, மேலே கொண்டுபோனது, கீழே வரும் வழியில் முடிந்தது.

தம்பி எழுந்துவிட்டார். "தெரிஞ்சே கூட்டிட்டுப் போனீரா? தெரிஞ்சேவா?" அவர் கை என் சட்டைக்கு வந்தது. நான் தடுக்கவில்லை.

"ஏலே, உக்காரு" என்றார் வெள்ளத்தாய். "அவரு நெசத்தச் சொல்லிட்டாரு. பொய்யத்தான் மொதல்ல சொன்னாரு, இருந்தாலும் சொல்லிட்டாரு. உக்காரு."

தம்பி உட்காரவில்லை. தெருவுக்குப் போய்விட்டார். வெள்ளத்தாய் அப்போதுதான் அழுதார். நான் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"அந்த மலைக்கு இன்னும் ஆளுக போவாகளா?"

"போவாங்க. அடுத்த வருசமும் போறாங்க."

"இதெல்லாம் அவுகளுக்குத் தெரியுமா? இருமுனா மறைக்கக் கூடாது, கீழதான் போகணும்னு?"

"டாக்டருக்குத் தெரியும்."

"டாக்டருக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? நீங்க காலையில பாத்தீகளே, அத எழுதிக் குடுத்தீகளா?"

எழுதிக் கொடுக்கவில்லை. குழுவின் அறிக்கையில் மேஜர் எழுதிய விபத்து என்ற ஒரு சொல்தான் இருந்தது.

அவர் உள்ளே போய், மாடசாமிக்கு எழுதுவதற்காக வாங்கி வைத்திருந்த தபால் கவரையும் தாளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியும். எழுதத் தொடங்கினேன். முதல் வரியை வாசிக்கச் சொன்னார்.

"'ஹவில்தார் மாடசாமிக்கு அன்று காலை முதலே உடல்நலம் குன்றியிருந்ததாகத் தெரிகிறது.'"

"யாருக்குத் தெரியுது?"

"எனக்கு."

"அப்ப அப்படி எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். அடுத்த வரியை வாசித்தேன். "'டாக்டர் மேலே இருந்ததால் அவர் மேலே கொண்டு செல்லப்பட்டார்.'"

"யாரு கொண்டு போனது?"

அடித்தேன். கடைசியில் கடிதம் அரைப் பக்கம்தான் வந்தது. அவர் இருமினார். நான் பார்த்தேன். எனக்குத் துணை வேண்டியிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. வழி தெரிந்தவர் கீழே போகச் சொன்னார். நான் மேலே கொண்டுபோனேன். அறிக்கைகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதப் போகிறீர்கள். அதைவிட நேரான ஒன்றை நான் எழுதியதில்லை. அதுவும் நான் எழுதியதல்ல.

அதற்குப் பிறகு இந்தக் கம்பெனியில் என் ஷெட்டில் ஒரு பழக்கம் வைத்தேன். காலையில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். யார் வேண்டாம் என்று சொன்னாலும், பெருக்குகிறவர் சொன்னாலும், வேலை நிற்கும். லோடு தாமதமானதற்கு முதலாளியிடம் பல தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். நிறுத்திய நாட்களில் எத்தனை விபத்து நடக்காமல் போனது என்று கேட்டார். நடக்காததை எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ளத்தாய் கம்பெனிக்கு வந்தார். கையில் ஒரு அஞ்சலட்டை. டாக்டர் எழுதியது. எனக்கு எழுதவில்லை, அவருக்கு எழுதியிருந்தார். தம்பி வாசித்துக் காட்டியிருந்தாலும், என்னையும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இந்த வருடக் குழு கிளம்புமுன் அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாக டாக்டர் எழுதியிருந்தார். பதினேழாயிரம் அடியில் மூன்று பேர் இருமினார்கள். மூன்று பேரையும் பக்கத்தில் இருந்தவர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே கீழே இறக்கினார். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். உச்சியைப் பார்க்க விடவில்லை என்று மூன்று பேரும் வழிநெடுக அவரையும், அந்தக் கடிதத்தை எழுதினவர்களையும் வைதுகொண்டே இறங்கினார்களாம்.

வாசித்து முடித்துவிட்டு வெள்ளத்தாய் முகத்தைப் பார்த்தேன்.

"வையட்டும்" என்றார். "நல்லா வையட்டும்." அஞ்சலட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.